கழுத்துக்குக் காற்று ஆகாது

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கோணான்குப்பம் என்று ஓர் ஊர். அங்கே பெரியநாயகி மாதா கோயிலைக் கட்டியவர் ஓர் இத்தாலிக்காரர். 1680இல் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, முப்பது வயது வாக்கில் கப்பலேறி வந்து, காவி கட்டி, சைவச் சாப்பாட்டுக்கு மாறி, வீரமாமுனிவர் ஆனார். தமிழ் கற்றதோடு விட்டாரா? தேம்பாவணி என்று 3,615 பாட்டு. அப்புறம் சதுரகராதி, அப்புறம் இலக்கணம். போதாக்குறைக்கு ஒரு மக்குக் குருவையும் ஐந்து சீடர்களையும் படைத்து நம்மைச் சிரிக்கவும் வைத்தார்.

நான் இத்தாலி போகிறேன், அதுவும் யாரோ ஒரு குடும்பத்தோடு தங்கப் போகிறேன், கொஞ்சம் பயமாக இருக்கிறது என்று பெண்ணாடத்தில் என் பழைய தமிழாசிரியரிடம் சொன்னபோது, அவர் இந்தப் பட்டியல் முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, “அந்த மனுஷன் இங்க வந்து சமாளிக்கலையா? ஒரு கோடைக்காலம் உன்னால முடியாதா?” என்றார். முந்நூறு வருஷத்துக்கு முன் வந்த மொய்யை என் தலையில் எழுதித் திருப்பி அனுப்புகிறது ஊர் என்று புரிந்தது.

நான் விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா படித்தவன். அகல் விளக்குக்கும் கொலு பொம்மைக்கும் அச்சு எடுத்துக் கொடுப்பது பிழைப்பு. பயிற்சிக்குப் போன ஊர் ஃபாயென்சா. பொலோன்யாவிலிருந்து ரயிலேறிக் கண்ணயர்வதற்குள் வந்துவிடும். பீங்கானுக்கென்றே 1908இல் தொடங்கிய அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. 1944இல் குண்டு விழுந்து சேகரிப்பில் பெரும்பகுதி நொறுங்கிப்போக, போருக்குப் பிறகு பிக்காசோவே தன் கைப்பட வனைந்ததை அனுப்பிவைத்திருக்கிறார். எங்களூரில் சூளை சரிந்தால் உடைசலை வாரிப் பள்ளத்தில் கொட்டிவிட்டு டீ குடிக்கப் போவோம். அங்கே உடைசலுக்குக் கண்ணாடிப் பெட்டி, விளக்கு, காவலாளி. தொழிலைப் பற்றி இது போதும். பட்டறையில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. களிமண்ணுக்குப் பாஷை கிடையாது. கஷ்டமெல்லாம் வீட்டில்தான்.

வீடு என்றால் ஒரு பாட்டி, மகள், மருமகன், கல்லூரிக்குப் போகும் பேரன். பாட்டியை நோன்னா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். வீட்டுக்குச் சொந்தக்காரர் மருமகன். வீட்டை ஆண்டது பாட்டி. இந்த ஏற்பாடு எனக்குப் பழக்கமானதே.

புறப்படுவதற்கு முன் நான் தயாராகத்தான் இருந்தேன். நூடுல்ஸை முள்கரண்டியில் சுற்றிப் பழகியாயிற்று. சீஸ் நாற்றத்துக்கு மனத்தைத் தேற்றியாயிற்று. நண்பர்கள் ஒன்றுகூடி, “அங்கெல்லாம் பேப்பர்தான், தண்ணி கிடையாது” என்று மிரட்டியதால், சூட்கேஸில் ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் மக் சேர்த்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால் கழிப்பறையில் பீடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு குட்டிப் பீடம், குழாயோடு. பிதே என்று பெயர். கழுவுவதற்கென்றே வைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 1975 ஜூலையில் அரசாணையே போட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் பாதிப் பேர் பேப்பரோடு மல்லுக்கட்டும்போது இத்தாலி சட்டப்படி தண்ணீர் பக்கம் நிற்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு தொழில் புத்தி வந்து, குனிந்து கிளேஸைத் தடவிப் பார்த்தேன். அச்சுத் தையல் எங்கே என்றே தெரியவில்லை. நல்ல வார்ப்பு. நான் வெகுநேரமாக வெளியே வராததால் மருமகன் கதவைத் தட்டி, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்.

பச்சை மக்கைப் பாட்டி வாங்கி, துளசி மாதிரி மணக்கும் பசிலிகோ தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொண்டார்.

ஆகப் பெரிய விஷயங்களில் பிரச்சினையே இல்லை. சிக்கல் வந்தது சின்னச் சின்ன விதிகளில். முதல் நாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். மரியாதை அல்லவா? பாட்டி என் காலைப் பார்த்து மார்பில் கைவைத்துக்கொண்டார். ஓடிப்போய் ஒரு ஜோடி துணிச்செருப்பு கொண்டுவந்து போட்டார். டைல்ஸ் தரையின் குளிர்ச்சி உள்ளங்கால் வழியாக ஏறி வயிற்றுக்குப் போகுமாம். ஜூலை மாதம், வெளியே முப்பத்தைந்து டிகிரி. அந்தத் தரை ஒன்றுதான் குளுகுளுவென்று இருந்தது, அதற்கும் தடை. (டைல்ஸ் என்றதும் நினைவு வருகிறது. மோதெனா பக்கம் சாஸ்வோலோ என்ற ஊர் இத்தாலியின் டைல்ஸ் தலைநகரம். பெண்ணாடத்தில் எங்கள் வீட்டுக்கு ‘இத்தாலியன் டிசைன்’ என்று சொல்லி விற்ற டைல்ஸின் முதுகில் குஜராத்தின் மோர்பி என்று போட்டிருந்தது. இதைப் பாட்டியிடம் நான் சொல்லவில்லை.)

அடுத்தது ஃபேன். போ சமவெளியின் கோடையைப் பற்றி யாரும் என்னை எச்சரிக்கவில்லை. ஐரோப்பா என்றால் பனி என்று நினைத்து ஸ்வெட்டர் அடுக்கிக்கொண்டு போனவன் நான். கடலூர் மாவட்டத்துப் புழுக்கத்தை அப்படியே பெயர்த்து வைத்த மாதிரி ராத்திரி. அறையில் ஒரு மேசை விசிறி இருந்தது. அதைத் தலைமாட்டில் வைத்து முழு வேகத்தில் சுழலவிட்டுப் படுத்தேன். நடுராத்திரி வியர்த்து விழித்தால் விசிறி நின்றிருந்தது. கரண்ட் போய்விட்டது போலிருக்கிறது, இன்வெர்ட்டர் இல்லையா இந்த வீட்டில் என்று நினைத்து எழுந்தால், ஸ்விட்ச் அணைந்திருந்தது. மறுபடி போட்டேன். விடியும்போது மறுபடி அணைந்திருந்தது.

காலையில் பேரன் விளக்கினான். காற்று கழுத்தில் அடித்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், முதுகில் அடித்தால் முதுகு, வயிற்றில் அடித்தால் செரிமானம் போச்சு. பாட்டியின் அண்ணன் ஒருவர் வியர்வையோடு திறந்த ஜன்னலருகே நின்று ஒரு வாரம் தலை திருப்ப முடியாமல் கிடந்தாராம். “நிஜமாகவே நம்புகிறீர்களா?” என்று அவனைக் கேட்டேன். “நான் நம்பவில்லை” என்று சொல்லிக்கொண்டே கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

ஃபேன் இல்லாமல் ஒரு தமிழனால் தூங்க முடியாது என்பதை எந்த மொழியில் சொல்வது? எங்களுக்கு அது காற்றுக்காக மட்டுமில்லை, அந்தச் சத்தம் இல்லாவிட்டால் வீட்டில் ஏதோ துக்கம் என்று தோன்றும். மார்கழிக் குளிரில்கூடப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மேலே ஃபேனை ஓடவிடுகிற ஜாதி நாங்கள். பாட்டிக்கும் எனக்கும் கொஞ்ச நாள் பனிப்போர் நடந்தது. நான் போடுவேன், அவர் துணிச்செருப்புச் சத்தம் கேட்காமல் வந்து அணைப்பார். கடைசியில் மருமகன் தலையிட்டு, விசிறியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்துச் சமாதானம் செய்தார். சுவர் நன்றாகத் தூங்கியது.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் உள்ளூர நினைத்துக்கொண்டேன். நம்முடையது வேறு. ராத்திரி தயிர் சாப்பிட்டால் சளி பிடிக்கும், ராத்திரி கீரை ஆகாது, மாம்பழம் சூடு, பப்பாளி அதைவிடச் சூடு, அமாவாசையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது. இவையெல்லாம் முன்னோர்கள் காரணமில்லாமல் சொன்னவையா? எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. அது என்னவென்று கேட்டால் அம்மாவைக் கேட்க வேண்டும். ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு கப்பூச்சினோ குடித்தால் குடல் கெடும் என்பதற்கு என்ன விஞ்ஞானம்? பாலும் காப்பியும் காலையில் ஒன்றாக இறங்கும்போது வராத கேடு மத்தியானம் எப்படி வரும்? நாலு மணிக்கு நான் ஒரு கடையில் கப்பூச்சினோ கேட்டபோது, கடைக்காரர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்து, வெளிநாட்டவன் என்று உறுதி செய்துகொண்டு, நோயாளிக்கு மருந்து கலக்கும் முகத்தோடு போட்டுக் கொடுத்தார்.

மீன் போட்ட பாஸ்தாவுக்கு மேல் சீஸ் தூவக் கூடாது. ஸ்பகெட்டியை வெட்டக் கூடாது. சாப்பிட்ட கையோடு கடலில் இறங்கக் கூடாது, மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஈரத்தலையோடு வெளியே போகக் கூடாது. இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் நான் பலமாகத் தலையாட்டினேன். அதற்கு விஞ்ஞானம் உண்டு.

சாப்பாட்டில் நான் சைவமா என்று முதல் வாரமே கேட்டார்கள். “இன்று ஆமாம், நாளை இல்லை” என்றேன். உண்மை அதுதானே? ஞாயிற்றுக்கிழமை கறி, புதன்கிழமை மீன், செவ்வாய் வெள்ளி சைவம், கிருத்திகை பிரதோஷம் தனி, புரட்டாசி முழுக்க நிறுத்தம். பேரன் இதை ஒரு தாளில் அட்டவணையாகப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டான். பாட்டிக்கு மட்டும் வெள்ளிக்கிழமை என்றதும் முகம் மலர்ந்தது. அவருக்கும் வெள்ளிக்கிழமை கறி கிடையாது! ஒரு வழியாக இரண்டு மதமும் ஓரிடத்தில் கைகுலுக்கின என்று நான் நிம்மதியாக உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை வந்தது. விரதச் சாப்பாடாகப் பாட்டி ஒரு முழு மீனை வறுத்து என் தட்டில் வைத்தார்.

இந்த விஷயத்தில் இன்னோர் இத்தாலிக்காரரான ராபர்ட் தெ நொபிலியைத்தான் நான் மெச்சுவேன். 1606இல் மதுரைக்கு வந்தவர், புலாலை விட்டு, ஒருவேளைச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டு, சமைக்கத் தனியாக ஒரு பிராமணரையும் அமர்த்திக்கொண்டார். கெட்டிக்காரர். எனக்கு அந்த வசதி இல்லை. பியதீனா என்று அந்த வட்டாரத்தில் ஒரு ரொட்டி. பார்வைக்கு நம் சப்பாத்தி. செவ்வாய்க்கிழமைகளில் அதைத்தான் நம்பியிருந்தேன். மாவில் பன்றிக்கொழுப்பு சேர்த்துப் பிசைகிறார்கள் என்று ஆகஸ்டில்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு ஒரு பெரிய முடிவு எடுத்தேன்: செவ்வாய்க்கிழமை விரதம் வெள்ளாற்றுக்கு இந்தப் பக்கம்தான் செல்லும்.

அவர்களுடைய மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும் நான் ஒரு நிமிஷத்தில் பழகிவிட்டேன். ஒரு மணிக்குக் கடைகளை இழுத்துச் சாத்திவிட்டு ஊரே சாய்ந்துவிடுகிறது. எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பெயரே திருத்தூங்கானை மாடம். கருவறை விமானம் படுத்துத் தூங்கும் யானையின் முதுகு வடிவில் கட்டியது. யானையே தூங்கும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இதில் யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை.

ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு. அப்போது பெண்ணாடத்தில் பதினொன்றரை. அம்மா தூங்காமல் வீடியோ காலில் வந்து, “சாப்டியாப்பா?” என்பாள். பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் பேச்சு ஒருநாளும் நின்றதில்லை. ஒரு நாள் பாட்டி பஸ்ஸதெல்லி செய்துகொண்டிருந்தார். ரொட்டித்தூள், முட்டை, துருவிய சீஸ் எல்லாம் பிசைந்து, ஓட்டை போட்ட அச்சில் வைத்து அழுத்திக் கொதிக்கும் ரசத்தில் நேராகப் பிழிவது.

“ஏய், அது நம்ப முறுக்கு அச்சுடா!” என்று அம்மா போனுக்குள்ளிருந்து கத்தினாள். எழுந்து போய்த் தன்னுடைய பித்தளை அச்சைக் கொண்டுவந்து காட்டினாள். பாட்டி தன்னுடையதைக் காட்டினார். ஓட்டைகளை எண்ணினார்கள். “அவங்கள அரிசி மாவு போடச் சொல்லு, ஒரு கை உளுத்தம் மாவு, வெண்ணெய், ஓமம்” என்று அம்மா ஆரம்பித்தாள். பாட்டி ஏதோ நீளமாகச் சொன்னார். பேரன் மொழிபெயர்த்தான்: “உங்கள் அம்மா ஏன் இதை எண்ணெயில் போடுகிறார் என்று கேட்கிறார்.” நான் அம்மாவிடம், “ரொம்ப நல்லா இருக்காம்” என்றேன்.

அன்றைக்குத்தான் ஃபேன் விஷயமும் அம்மா காதுக்குப் போனது. எனக்காகச் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். பாட்டி கழுத்தைப் பிடித்து, தோளைச் சாய்த்து, விசிறியைக் காட்டி அபிநயம் பிடிக்க, அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, “அவங்க சொல்றதும் சரிதான். உனக்குச் சின்ன வயசிலயே காத்து பட்டா காது வலி வரும்” என்று கட்சி மாறிவிட்டாள். அதற்குப் பிறகு எனக்கு இரண்டு கண்டங்களிலும் மேல்முறையீடு கிடையாது.

அவர்கள் வீட்டுக் காப்பி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அடுப்பில் வைக்கும் எண்கோண அலுமினியக் குடுவை, மோக்கா. 1933இல் பியலெத்தி என்பவர் கொண்டுவந்தது. கீழே தண்ணீர், நடுவே தூள், கொதித்தால் டிகாக்ஷன் மேலே ஏறும். நம் ஃபில்டரில் இறங்குவது அங்கே ஏறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கும் பாட்டியிடம் ஒரு விதி இருந்தது, எல்லா விதிகளிலும் கண்டிப்பானது: மோக்காவைச் சோப்புப் போட்டுக் கழுவவே கூடாது. வெறும் தண்ணீரில் அலச வேண்டும். வருஷக்கணக்காக உள்ளே படியும் கறுப்புதான் ருசி. பாட்டியின் மோக்காவுக்குள் எட்டிப் பார்த்தால் கரி அடுப்பு மாதிரி இருக்கும்.

புறப்படும்போது எனக்கு ஒன்று புதிதாக வாங்கிக் கொடுத்து, விரலை ஆட்டி ஆட்டி அந்த விதியைச் சொன்னார். பெண்ணாடம் வந்து கறுப்பு படியட்டும் என்று தினமும் அதில் காப்பி போட்டு, பத்திரமாக அலசி வைத்தேன். ஒரு நாள் பட்டறையிலிருந்து வந்து பார்த்தால் அடுப்படித் திண்ணையில் அது கண்ணைப் பறித்துக்கொண்டு நின்றது. புளி போட்டு ஊறவைத்து, தேங்காய் நாரில் சபீனாப் பொடியைத் தொட்டு, உள்ளும் புறமும் அம்மா தேய்த்திருந்தாள். “என்னா அழுக்கு தெரியுமா! எப்டிடா இதுல குடிச்ச?” என்றாள்.

அதே சாயங்காலம் பாட்டியின் வீடியோ கால். எடுத்த எடுப்பில் மோக்காவைக் காட்டச் சொன்னார். அம்மா பெருமையாகத் தூக்கிக் காட்டினாள். பளபளப்பில் பாட்டியின் போன் திரையே வெளுத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பேரனின் குரல் கேட்டது.

“சோப்புப் போட்டீர்களா என்று நோன்னா கேட்கிறார்.”

“சத்தியமாகச் சோப்பு இல்லை” என்றேன்.