நோட்டீஸ் பீரியட்

தம்பி: அண்ணே, முடி வெட்டிக்க வரல. காட்ட வந்தேன். (கவரை நீட்டுகிறார்.) தலைகாணி, பாத்ரூம், சீப்பு எல்லாம் சேர்த்து இன்னைக்கு 84. எக்செல்ல ஏத்திட்டேன்.

சலூன்காரர்: தலையில ஒரு லட்சம் முடி இருக்கு. நாளைக்கு 50-லேர்ந்து 100 உதிரத்தான் செய்யும். இதுக்கு எக்செல் வேறயா?

தம்பி: எல்லாம் இந்தத் தாம்பரம் தண்ணிதான் அண்ணே! ஊர்ல இருந்தவரைக்கும் காடு மாதிரி இருந்துச்சு.

சலூன்காரர்: நான் சேலையூர்லயே பொறந்தவன். அம்பது வருஷமா இதே போர் தண்ணிதான், என் தலையப் பாரு. உப்புத் தண்ணியில ஷாம்பு நுரைக்காது, முடி சொரசொரன்னு ஆவும், ஒடியக்கூடச் செய்யும். ஆனா இது ஒடிஞ்சதில்ல. (ஒரு முடியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து) அடியில வெள்ளையா ஒரு குமிழ் தெரியுதா? வேலை முடிஞ்சு தானா கழண்டு வந்தது.

தம்பி: வேலை முடிஞ்சா?

சலூன்காரர்: உன் பாஷையிலயே சொல்றேன். ஒரு முடி 2-லேர்ந்து 6 வருஷம், மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்குல வளரும். அப்புறம் ரெண்டு மூணு வாரத்துல வேர் சுருங்கிப் பேப்பர் போட்டுடும். உடனே போவாது. மூணு மாசம் நோட்டீஸ் பீரியட்.

தம்பி: 90 நாளா? எங்க கம்பெனி மாதிரியே!

சலூன்காரர்: மூணு மாசம் முன்னாடி உனக்கு என்ன ஆச்சு?

தம்பி: ஐப்பசி மழையில டெங்கு. ஆஸ்பத்திரியில கிடந்தேன்.

சலூன்காரர்: அன்னிக்குக் கூட்டமா பேப்பர் போட்டிருக்கு. கடிச்சது கொசு, பழி தண்ணி மேலயா?

தம்பி: ஷவர் ஃபில்டர் மாட்டிட்டேனே... 48 மூலிகை எண்ணெய் வேற. பாட்டில் 1,500. ஆறே மாசத்துல கொட்டறது நிக்கும்னு கேரண்டி.

சலூன்காரர்: காய்ச்சல்ல கொட்டறது பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள தானாவே நின்னுடும். அவனுக்கும் தெரியும். போன ஆளோட சீட்டுல புது ஆள் தானா வந்து உக்காருவான், சம்பளம் மட்டும் எண்ணெய்க்காரனுக்கு.

தம்பி: வழுக்கையிலகூட முளைக்கும்னு வீடியோ போட்டிருக்காங்க அண்ணே.

சலூன்காரர்: (கத்தரிக்கோலை வைத்துவிட்டு) முடிக்குழி எல்லாம் அம்மா வயித்துலயே உருவாயிடுது. பொறந்தப்புறம் புதுசா வராது. அந்த வீடியோ ஆளு நாள் பூரா எண்ணெய் தேய்க்கிறானே, உள்ளங்கையில முளைச்சுதா? வழுக்கைய குணமாக்கும்னு சொல்லி மருந்து விக்கக்கூடாதுன்னு 1945 மருந்து விதிகள்ல, ஜே அட்டவணையிலயே இருக்கு. மருமவன் மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கான், அவன் காட்டினான். புள்ள பெத்து மூணு மாசத்துல நெறைய பொண்ணுங்களுக்கு முடி கொட்டும். தூக்கமில்லாம கிடக்கிறவ, சீப்புல கொத்தா வர்றதப் பாத்து அழறா. அவகிட்ட போய் 1,500 புடுங்கறானுங்களே, வெக்கங்கெட்டவனுங்க!

தம்பி: சரிண்ணே, கோவப்படாதீங்க. நெத்தி ரெண்டு பக்கமும் ஏறுதே, அதுவும் நோட்டீஸ் பீரியடா?

சலூன்காரர்: அது பரம்பரை. அப்பா பக்கம், அம்மா பக்கம் ரெண்டுலேர்ந்தும் வரும். தோல் டாக்டர்கிட்ட போ. எண்ணெய திருப்பி அனுப்பு.

தம்பி: (போனைத் தட்டிப் பார்த்து) அனுப்பலாமாம்ணே. பணம் வர்றதுக்குத்தான் 90 நாள் ஆகுமாம்.