பூரி காத்திருக்காது

ஓட்டலில் சாப்பாட்டைப் படம் எடுக்கலாமா கூடாதா என்ற வழக்கு ரொம்ப நாளாக நடக்கிறது. ஒரு கட்சிக்கு அது நாகரிகக் கேடு. சோற்றைக் கண்டதும் கை கழுவப் போன பரம்பரை இப்போது செல்போனைத் தேடுகிறதே என்ற ஆற்றாமை. இன்னொரு கட்சிக்கு அது தனிமனித உரிமை. இரண்டு கட்சியும் சாப்பிடுகிறவரைப் பற்றியே வாதாடுகின்றன. தட்டில் இருப்பதை யாரும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில்லை. என்னைக் கேட்டால் தீர்ப்பே அதன் கையில்தான். காத்திருக்கத் தெரிந்த பண்டத்தை எத்தனை கோணத்தில் வேண்டுமானாலும் எடுங்கள். காத்திருக்கத் தெரியாத பண்டம் வந்தால் செல்போனைப் பைக்குள் போடுங்கள்.

பூரி உப்புவது நீராவியின் வேலை. கொதிக்கும் எண்ணெயில் விழுந்ததும் மாவிலுள்ள ஈரம் ஆவியாகி மேல்தோலைத் தூக்கிப் பிடிக்கிறது. ஆறத் தொடங்கியதும் ஆவி மறுபடி நீராகிறது, தோல் படுத்துவிடுகிறது. கிழங்கை இடப்பக்கம் தள்ளி, எவர்சில்வர் டம்ளரை ஓரங்கட்டி, வெளிச்சத்தை மறைக்கிற பக்கத்து மேசைக்காரரைக் கொஞ்சம் நகரச் சொல்லி முடிப்பதற்குள் இந்தக் கதை தாராளமாக நடந்து முடிந்திருக்கும். நெய் ரோஸ்ட் இன்னும் ரோஷக்காரப் பண்டம். கல்லில் நீர் வற்றியதால் வந்த மொறுமொறுப்பு, காற்றின் ஈரத்தைக் குடித்ததும் போய்விடும். சென்னைக் காற்றில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் ஈரத்துக்கு வராது. ஃபில்டர் காபியின் நுரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், இவற்றைப் படம் எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறவர் படத்தில் இருப்பதைச் சாப்பிடுவதே இல்லை. போட்டோவில் இருப்பது பூரி. வாய்க்குள் போவது முன்னாள் பூரி. அதைத் தின்றுவிட்டு ‘பூரி சவசவ’ என்று இரண்டு நட்சத்திரம் வேறு கொடுத்துவிட்டுப் போகிறார். மாஸ்டர் யாரிடம் போய் முறையிடுவார்? எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். பிரியாணி கால் மணி நேரம் கௌரவம் குறையாமல் உட்கார்ந்திருக்கும். திருநெல்வேலி அல்வாவுக்குக் கேமராக் கூச்சமே கிடையாது. மைசூர்பாகு நாள்கணக்கில் போஸ் கொடுக்கும். இட்லி நடுவாந்திரம்: ஒரு படம் தாங்கும், மூன்று தாங்காது.

இலைச் சாப்பாடு தனி வழக்கு. அது வரிசையாக நடக்கிற காரியம். கூட்டும் பொரியலும் விழுந்த பிறகு சோறு, பருப்பு, நெய். அதன்பின் சாம்பார், ரசம், மோர் என்று ஒன்று முடிந்து ஒன்று. படம் எடுக்கிறவருக்கோ எல்லாம் ஒரே நொடியில் இலையில் தெரிய வேண்டும். ரசத்தை ஊற்றிக்கொண்டு கோணம் பார்த்தால் ரசம் அவர் மடியைப் பார்க்கும். இதற்கிடையில் சாம்பார் வாளியோடு ஒருவர் நிற்கிறார். வாளி கனம், வரிசையில் இன்னும் பத்து இலை பாக்கி. அவரிடம் ‘கை தெரியுதுண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க’ என்கிறார்கள். சோறு போடுகிற கை படத்தைக் கெடுக்கிறதாம்!

காசு கொடுத்தது நான், ஆறினால் நஷ்டம் எனக்குத்தானே என்பார்கள். தனியாகச் சாப்பிடுகிறவர் சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். நான்கு பேர் மேசையில் ‘இருங்க இருங்க, யாரும் கை வைக்காதீங்க’ என்ற கட்டளை பிறக்கும்போது ஆறுவது நான்கு தட்டு. ஆராய்ச்சியாளர்கள் சிலரும் கேமராவின் பக்கம்தான். கிறிஸ்டின் டீல் முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, படம் எடுக்கிறவர் விஷயத்தில் ஊன்றிப்போவதால் கூடுதலாக ரசிக்கிறார் என்றது. அவர்கள் சோதித்த அனுபவங்களில் சாப்பாடும் உண்டு. அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு, படம் எடுக்கும் அந்தச் சிறு தாமதமே ருசியைக் கூட்டும் என்றது. மறுக்கவில்லை. ஆனால் கேமரா குறுக்கே விழுந்து தொந்தரவு செய்தால் அந்த லாபம் போய்விடும் என்று முதல் ஆய்வே சொல்லிவிட்டது. இரண்டாவதில் தின்னக் கொடுத்தவற்றில் ஒன்று கேக். கேக் காத்திருக்கும், கூடியிருப்பவர்கள் பிறந்தநாள் பாட்டை ஆளுக்கொரு சுருதியில் பாடி முடிக்கும்வரை காத்திருப்பதே அதன் தொழில். பூரியைக் கொடுத்து ஓர் ஆய்வு நடத்தட்டும், அப்புறம் பேசுவோம்.

படம் எடுப்பதால்தானே சின்னக் கடைகள் பிழைக்கின்றன என்ற வாதம்தான் பலமானது. கோவைக்குப் பக்கத்தில் வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாள் பாட்டியை 2019இல் நாடு முழுக்க அறிந்தது ஒரு காணொளியால்தான். விறகடுப்புக்குப் பதில் கேஸ் அடுப்பு வந்தது, பிற்பாடு வீடும் வந்தது. ஆனால் அந்தக் காணொளி காட்டியது பாட்டியின் உழைப்பை. எவருடைய தட்டையும் ஆறவைக்கவில்லை. புகழ் வேண்டுமென்றால் அடுப்படியை எடுக்கலாம், கேட்டுவிட்டு. தட்டையே கேமராவுக்காகத் தயாரிக்கத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பதற்குப் புகை பிஸ்கட் இருக்கிறது. திரவ நைட்ரஜனில் முக்கிக் கொடுக்கிற பிஸ்கட். அதில் ருசி என்று தனியாக ஒன்றும் இல்லை, மூக்கு வழியாகப் புகை வருகிற ரீல்ஸ்தான் ருசி. 2024 ஏப்ரலில் கர்நாடகத்தின் தாவணகெரேயில் அதைத் தின்ற ஒரு சிறுவன் துடிக்கிற காட்சி பரவியது. தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

அதற்காகத் தடை போடச் சொல்லவில்லை. நியூயார்க்கின் மோமோஃபுக்கு கோ உணவகம் 2008லேயே படம் எடுக்கக் கூடாது என்றது. இங்கிலாந்தின் வாட்டர்சைட் இன் 2018இல் வாசலிலேயே அறிவிப்பு வைத்தது. நம் ஊரில் அப்படி ஒரு பலகை மாட்டினால் முதல் வேலையாக அந்தப் பலகையைத்தான் படம் எடுப்பார்கள். டீக்கடைகளில் ‘அரசியல் பேசாதீர்’ பலகைக்குக் கீழேதான் ஆட்சிகள் கவிழ்ந்தன.

ஆகவே கேட்பதெல்லாம் கொஞ்சம்தான். ஃப்ளாஷ் வேண்டாம், வாய் நிறைய வைத்திருக்கும் அடுத்த மேசைக்காரர் படத்தில் விழ வேண்டாம், மெல்லும்போது யாருக்கும் முகம் அழகாக இருப்பதில்லை. கூட வந்தவர்களிடம் முதலில் ‘நீங்க ஆரம்பிங்க’ என்று சொல்லிவிடுங்கள். பூரியை விட்டுவிட்டுக் கிழங்கை எடுங்கள்.