சனியைச் சிம்மத்தில் காட்டிய கணினி

2020 டிசம்பர் 21, மாலை ஐந்தரை மணி. கொல்லையில் இருக்கும் தகரக் கொட்டகையின் கூரையைத் தண்டவாளத்தில் தள்ளித் திறந்துவிட்டு, தொலைநோக்கியை இயக்கும் கணினியின் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றவில்லை, விளக்கும் எரியவில்லை.

அன்று வியாழனும் சனியும் ஆறு கலை இடைவெளியில் நிற்கும் நாள். ஒரு பாகைக்கு அறுபது கலை. முழு நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் அந்த இடைவெளி. 1623க்குப் பிறகு இரண்டும் இவ்வளவு நெருங்கியதில்லை. சூரியன் மறைந்த இரண்டு மணி நேரத்துக்குள் அவையும் மேற்கே இறங்கிவிடும். பக்கத்து வீட்டு ஆயா உட்பட ஐந்தாறு பேரை முகக்கவசத்தோடு வரச் சொல்லியிருந்தேன்.

முதலில் பிளக்கைப் பார்த்தேன். யூ.பி.எஸ். சரியாக இருந்தது, அதில் மேசை விளக்கைச் செருகினால் எரிந்தது. அடுத்தது கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. அதை மதர்போர்டிலிருந்து கழற்றி, பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்தால் விசிறி சுற்ற வேண்டும். சுற்றவில்லை. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. பெட்டியைத் திறக்கவில்லை, மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் அதைப் பிடித்து வைத்திருக்கும். வீட்டுக் கணினியின் எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினேன். விசிறி சுற்றியது. ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது, நீளமாக ஒரு பீப் சத்தம். ரேமை எடுத்து அதன் பொன்னிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி செருகினேன். மழைக்காலம் முழுக்கத் தகரக் கொட்டகையில் இருந்ததில் பச்சை பூத்திருந்தது.

மணி ஆறே கால். கணினி உயிர் பெற்றது. திரையின் மூலையில் தேதி: 2009 ஜனவரி 1.

மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாதபோதும் கணினிக்கு நேரத்தை நினைவில் வைத்துக் கொடுப்பது அதுதான். அது தீர்ந்துபோயிருந்தது. மென்பொருளைத் திறந்து சனியைக் கேட்டேன். சிம்மத்தில் இருப்பதாகச் சொன்னது. 2009 தொடக்கத்தில் சனி உண்மையிலேயே சிம்மத்தில்தான் இருந்தது. கணினி தனக்குத் தெரிந்த தேதிக்குச் சரியான விடையைத்தான் கொடுத்தது. கடிகாரம் நான்கு நிமிடம் பிசகினால் தொலைநோக்கி வானத்தில் ஒரு பாகை தவறும். ஒரு மணி பிசகினால் பதினைந்து பாகை. இங்கே பிசகியிருந்தது பன்னிரண்டு வருடம்.

கணினியே இல்லாமல் வானத்தைப் பார்த்த காலமும் எனக்கு உண்டு. 1986இல் நான் பிளஸ் டூ மாணவன். அந்த ஜனவரியில்தான் எங்கள் ஊருக்குத் தெற்கே ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்து அங்கிருந்த வானாய்வகத்துக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள். அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1982இல் காலமாகிவிட்டார். அதே வருடம் ஹாலி வால்மீன் வந்தது. எங்கள் இயற்பியல் ஆசிரியர் என்னிடம் ஆறு அங்குலக் கண்ணாடி வட்டுகள் இரண்டைக் கொடுத்து, "தேய்ச்சு முடிச்சா வால்மீன் உனக்கு" என்றார்.

ஒன்றை எண்ணெய் டிரம் மேல் பதித்து, நடுவில் கார்போரண்டம் தூளும் தண்ணீரும் இட்டு, மற்றதை அதன் மேல் வைத்துத் தள்ளித் தள்ளி டிரம்மைச் சுற்றி நடக்க வேண்டும். மேல் வட்டு குழியும், கீழ் வட்டு குவியும். தூளை நரநரப்பிலிருந்து மைதா மாவு போன்ற மென்மைக்கு ஒவ்வொரு படியாக மாற்றிக்கொண்டு போனோம். கடைசியில் கீல் பரப்பிச் சீரியம் ஆக்சைடால் மெருகு. ஒரு சவர பிளேடையும் ஊசித்துளை வழியே வரும் பல்பு வெளிச்சத்தையும் வைத்து அந்தப் பரப்பைச் சோதித்தோம். ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு மேடு இருந்தால்கூட நிழலாகக் காட்டிக்கொடுக்கும் ஃபூக்கோ சோதனை அது. பிளேடை நகர்த்தும்போது கண்ணாடி மேல் சாம்பல் நிறம் படர்ந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தக் கண்ணாடியை வைத்துச் செய்த தொலைநோக்கியிலும் கோளாறு வரும். நட்சத்திரம் வால் முளைத்துத் தெரிந்தால் கண்ணாடி கோணல். மூன்று திருகுகளில் ஒன்றைக் கால் சுற்று திருப்பினால் சரியாகிவிடும். குழல் தள்ளாடினால் தாங்கியில் மண். எல்லாமே கண்ணுக்குத் தெரிந்த, விரலுக்கு எட்டிய கோளாறுகள். நேரத்துக்கு வானொலியின் மணி ஒலி இருந்தது. ஏப்ரல் நடுவில் ஹாலி தெற்கே சென்டாரஸ் கூட்டத்தில் இருந்தபோது, ஆல்பா, பீட்டா சென்டாரிகளில் தொடங்கி, தாளில் வரைந்த படத்தைப் பார்த்து ஒவ்வொரு நட்சத்திரமாகத் தாவிப் போய் அதைப் பிடித்தேன். மங்கலான ஒரு பஞ்சுத் துண்டு. அதைப் பார்த்துவிட்டு அழுதேன்.

இன்றைய கருவியை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஊர் அட்சரேகையில் துருவ நட்சத்திரம் பன்னிரண்டரைப் பாகை உயரத்தில், தென்னை ஓலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்த நாளில் தொலைநோக்கியின் அச்சைத் துருவத்தை நோக்கிச் சீர் செய்ய ஒரு நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று ராத்திரி பாதி காத்திருப்போம். இப்போது கணினி வானத்தின் எந்த மூலையையும் படம் பிடித்துப் பத்து நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடும். என் வருத்தம் வேறு. கணினி போன அந்த முக்கால் மணி நேரத்தில், தொலைநோக்கியைத் தாங்கும் மவுன்டின் கிளட்சைத் தளர்த்திக் கையால் திருப்பலாம் என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

"அப்பா, ரெண்டும் அதோ தெரியுதுப்பா!" என்று வெளியிலிருந்து மகள் கூப்பிட்டாள். நிமிர்ந்து பார்த்தேன். மேற்கே, வேப்ப மரத்துக்கு மேலே, பளிச்சென்று ஒன்று; அதை ஒட்டியே மங்கலாக இன்னொன்று. அவள் கொட்டகை மூலையில் கிடந்த பழைய ஆறு அங்குலக் குழலை இழுத்து வந்து, ஒட்டடையை ஏற்கெனவே தட்டியிருந்தாள்.

கைகள் பழக்கத்தை மறந்திருக்கவில்லை. கண்ணாடியின் அலுமினியப் பூச்சு ஓரங்களில் கருத்திருந்தது, இருந்தாலும் போதுமானதாக இருந்தது. குழலைத் தள்ளிக் குவியத்தைத் திருகினேன். ஒரே வட்டத்துக்குள் வியாழனும் அதன் நிலாக்களும், அருகில் வளையத்தோடு சனியும். முதலில் மகள் பார்த்தாள். பிறகு ஆயா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது மேலயா இருக்குது, உள்ளயா இருக்குது?" என்று குழலின் வாயைத் தடவிப் பார்த்தார். மேலேதான் என்று சொன்னதும் கும்பிட்டார். ஏழரை மணிக்கு வேப்பங்கிளை அவற்றை மறைக்கும் வரை ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

மூன்று நாள் கழித்து ரிப்பேர் கடைக்காரர் எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திறந்தார். சர்க்யூட்டின் குறுக்கே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. இப்போது பெட்டியின் காற்றுத் துளைகளில் கம்பி வலை அடித்திருக்கிறேன். புது பேட்டரி போட்டாயிற்று. ஆறு அங்குலக் குழல் கொட்டகை வாசலில், மூடி கழற்றத் தயாராக நிற்கிறது.

வியாழனும் சனியும் இதே அளவு நெருங்கி நிற்பது இனி 2080 மார்ச் 15 அன்று. அப்போது என் மகளுக்கு எழுபத்து மூன்று வயது.