இரண்டே வாரம் கொடுங்கள்

“புத்தாண்டுத் தீர்மானம் என்ன ஆச்சு?” என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி “போச்சு” என்றே தொடங்கின. அவர்களுக்காகவே இந்த வாரப் பதில்கள்.

கேள்வி: ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும், இனி ஐந்து மணிக்கு எழுவது என்று முடிவெடுக்கிறேன். இரண்டு வாரம் ஓடும். பொங்கல் வந்ததும் பழையபடி ஏழு மணி. எனக்கு மனஉறுதியே கிடையாதா? (வங்கி ஊழியர், தஞ்சாவூர்)

பதில்: தேதியைக் கொஞ்சம் பாருங்கள் அம்மா. டிசம்பர் நடுவில் மார்கழி பிறக்கிறது, பொங்கலுக்கு முதல் நாள் முடிகிறது. நீங்கள் எழுந்த நாளெல்லாம் மார்கழி! தெருவே விழித்திருக்கும். கோயில் ஒலிபெருக்கி கூப்பிடும். எதிர்வீட்டுக் கோலத்தைவிட நம் கோலம் இரண்டு புள்ளியாவது கூட இருக்க வேண்டும் என்று கை பரபரக்கும். அந்தக் குளிரில் வாசல் தெளித்தவருக்கா மனஉறுதி இல்லை?

மார்கழி நம்மை எழுப்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது முடிந்துவிடும். தை பிறந்தால் இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம் என்று தெரிந்தே எழுகிறோம். சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாள். சித்த வைத்தியத்தில் ஒரு மண்டலம் என்றால் 48 நாள். வருடம் முழுக்கக் குடிக்கிறவர்கூட மாலை கழுத்தில் இருக்கும்வரை தொடாமல் இருப்பதை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம். “ஆயுசு முழுக்க” என்றால் மனசு மிரளும், “இத்தனை நாள்” என்றால் சம்மதிக்கும்.

உங்கள் தீர்மானத்துக்குக் கடைசித் தேதியே இல்லை. அதற்கு ஒரு தேதி கொடுத்து, ஒரு சோதனையாகச் செய்து பாருங்கள். மாசி ஒன்று முதல் பதினான்கு வரை ஐந்தரைக்கு எழுவது. அந்த நாட்களில், ஓடாமல் போய் பஸ் ஏற முடிகிறதா, மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகுகிறதா என்று இரண்டை மட்டும் குறித்துவையுங்கள். பதினைந்தாம் நாள் கணக்குப் பார்த்து முடிவு செய்யலாம். ஏழு மணிதான் உங்கள் உடம்புக்குச் சரி என்று தெரிந்தால் நிம்மதியாக ஏழுக்கே எழுந்திருங்கள். அதுவும் நல்ல விடைதான்.

கேள்வி: 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே? (கல்லூரி மாணவர், நெல்லை)

பதில்: 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன் ஒரு புத்தகம் எழுதினார். மாறிய முகம் பழகுவதற்கு நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்பது அவர் கண்டது. ‘குறைந்தது’ வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது, 21 மட்டும் ஊர் சுற்றுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைக் கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடவில்லை என்பதும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. அந்த ஒரு நாளுக்காக எத்தனை பேர் மொத்தத்தையும் கைவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் மனசு வலிக்கிறது.

கேள்வி: இலக்குக்கு ‘சோதனை’ என்று பெயர் மாற்றினால் ஆயிற்றா? சோதனை என்றாலே எனக்குக் கஷ்டம்தான் நினைவுக்கு வருகிறது. (இல்லத்தரசி, சேலம்)

பதில்: அந்தச் சொல்லின் இன்னொரு முகத்தைக் காந்தியிடம் பார்க்கலாம். 1925 முதல் நவஜீவன் இதழில் தொடராக வந்த அவருடைய தன்வரலாறு, தமிழில் ‘சத்திய சோதனை’ ஆனது. லண்டனில் சட்டம் படித்த நாட்களில் அவர் மசாலாவை விட்டுப் பார்த்தார். மாவுப் பண்டத்தை விட்டுப் பார்த்தார். ரொட்டியும் பழமும் மட்டும் தின்று பார்த்தார். ஒருமுறை பாலாடைக்கட்டி, பால், முட்டை என்று ஆரம்பித்து, அம்மாவுக்குக் கொடுத்த வாக்கோடு முட்டை இடிக்கிறது என்று உணர்ந்ததும் நிறுத்திவிட்டார். இரண்டு வாரம்கூட ஓடவில்லை. ஓடவில்லை என்பதையும் எழுதிவைத்தார். ருசி நாக்கில் இல்லை, மனசில் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டது அந்த மசாலாச் சோதனையில்தான்.

‘பத்துக் கிலோ குறைக்க வேண்டும்’ என்பது கட்டளை. அதற்குக் கீழ்ப்படியலாம், அல்லது குற்றவாளியாகலாம். ‘ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்தால் காலையில் வயிறு எப்படி இருக்கும்?’ என்பது கேள்வி. கேள்விக்கு முன்னால் யாரும் குற்றவாளி இல்லை. பெயர் மட்டுமா மாறியிருக்கிறது?

கேள்வி: என் கணவரை வைத்து ஒரு சோதனை செய்யலாமா? (பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: நமக்கு நாமே செய்துகொண்டால் சோதனை. அடுத்தவருக்குச் செய்தால், சேலம் வாசகி சொன்ன அந்தச் சோதனை. கணவர் வீட்டுக்குள் நுழைந்து முதல் பத்து நிமிடம் கரண்ட் பில், பள்ளிக் கட்டணம், தண்ணீர் லாரி எதையும் நீங்கள் பேசாமல் இருந்தால் என்ன நடக்கிறது என்று ஒரு வாரம் பாருங்கள். அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். அவரும் சேர்ந்துகொள்ளக்கூடும்.

கேள்வி: வயது 58. மூன்று மாத சர்க்கரைச் சராசரியை எட்டரையிலிருந்து ஆறரைக்கு இறக்குவதுதான் இலக்கு. நடந்தும் குறையவில்லை, சலித்துவிட்டது. (ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை)

பதில்: ஐயா, உங்கள் சலிப்பு நியாயமானது. இன்று நடந்ததற்குப் பதில் மூன்று மாதம் கழித்து வந்தால் எந்த மாணவன்தான் உற்சாகமாகப் படிப்பான்? இரண்டு மணி நேரத்தில் விடை வரும் கேள்வி ஒன்றைக் கேளுங்கள்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் போதும். காலையில் அதே நாலு இட்லி, அதே சட்னி, அதே நேரம். ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் பேப்பரோடு உட்காருங்கள். மறுநாள் சாப்பிட்ட கையோடு மொட்டை மாடியில் கால் மணி நேரம் சாதாரண நடை. இரண்டு நாளும் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் ஒரு துளி ரத்தம். உட்கார்ந்த நாள், நடந்த நாள் என்று மாற்றி மாற்றிப் பத்து நாள். ஐந்து நாள் உட்கார்ந்து, பிறகு ஐந்து நாள் நடந்தால், நடுவில் வந்த கல்யாண விருந்து கணக்கைக் குழப்பிவிடும். குத்துவதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துவிடுங்கள். வாழைப்பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே எண்ணை ஏற்றிக் காட்டும்.

பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் சமையலறையில் தொங்குமே, அந்தக் கட்டத்திலேயே ‘உ’ அல்லது ‘ந’ என்று போட்டு, பக்கத்தில் எண். தசைகள் வேலை செய்யும்போது ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். பத்தாம் நாள் அந்தக் கட்டங்களே சொல்லட்டும்.

இந்தப் பத்து நாளில் இட்லியை ராகி அடையாக மாற்றாதீர்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். மாத்திரையில் கைவைக்கவே கூடாது. அது டாக்டரின் பொறுப்பு. இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர் என்றால், ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த முறை போகும்போது காலண்டர் தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: தினமும் குறித்துவைப்பது கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: இத்தாலியில் சான்டோரியோ என்றொரு மருத்துவர் இருந்தார். தராசில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு, அதிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். தின்றதையும் குடித்ததையும் உடம்பை விட்டு வெளியே போனதையும் சுமார் முப்பது வருடம் நிறுத்துப் பார்த்தார். உள்ளே போனதில் பெரும்பகுதி தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறுகிறது என்று 1614-இல் புத்தகமாக எழுதினார். நான் உங்களிடம் கேட்பது இரண்டு வாரம், ஒரு பென்சில்.

கேள்வி: நீங்கள் இப்போது எதைச் சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள்? (நர்ஸ், நாகர்கோவில்)

பதில்: ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போனில் பேசுவது வழக்கம். அம்மா நன்றாக இருப்பதாகச் சொல்வார், நானும் நன்றாக இருப்பதாகச் சொல்வேன். அதற்குப் பதிலாகத் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் பேசினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆரம்பித்தேன். முதல் மூன்று நாள், “என்னடா, எதுவும் விசேஷமா?” என்று பதறினார். நான்காம் நாள் முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. ஆறாம் நாள், மாடிப்படி ஏறும்போது இடது முட்டியில் சத்தம் வருவதாகச் சொன்னார். எத்தனை நாளாக என்று கேட்டேன். தீபாவளியிலிருந்து என்றார். தீபாவளிக்குப் பிறகு எத்தனை ஞாயிறு பேசியிருப்போம்!

இன்று ஒன்பதாம் நாள். மணி ஆறு ஐம்பது. இதை இப்படியே மூடிவைத்துவிட்டுப் போனை எடுக்கிறேன்.