பயன் சார்

காட்பாடியிலிருந்து பாகாயம் வரும் இரண்டாம் நம்பர் பஸ்ஸில், ஜன்னலோரத்தில் ஒருவர் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்த நீங்கள், "ஸ்கோர் என்ன சார்?" என்று கேட்கிறீர்கள். சாதாரண மனிதர் ஸ்கோரைச் சொல்வார். பயன் சார் சொல்ல மாட்டார். போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் மேட்ச் பார்க்கலை சார். அடி வாங்கின பவுலரை கேப்டன் எப்படி நடத்துறாருன்னு கவனிச்சிக்கினு இருக்கேன். தலைமைப் பண்பு" என்பார். தொரப்பாடி தாண்டும்வரை தலைமைப் பண்பு ஓடும். ஸ்கோர் கடைசிவரை உங்களுக்குத் தெரியாது.

பட்டப்பெயர் வைத்தவர்கள் எங்கள் தெருப் பிள்ளைகள். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களிடம் போய், "இதனால இன்னா பயன்?" என்று ஒருநாள் கேட்டார். சிவப்புக் காயைப் போட்டால் ஐந்து பாயின்ட் என்று ஒருவன் பதில் சொன்னான். அன்றிலிருந்து அவர் பயன் சார். வாசலில் படுத்துத் தூங்கிய நாயிடமும் இதே கேள்வியைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. ஆனால் அந்த நாய் இப்போது அடுத்த தெருவில் படுக்கிறது.

இவர் ஏதோ எங்கள் தெருவுக்கு மட்டும் வாய்த்தவர் என்று எண்ண வேண்டாம். உங்கள் தெருவிலும் இருப்பார். சந்தேகமிருந்தால், சினிமாவுக்குப் போய்விட்டு வந்து "படத்துல நல்ல மெசேஜ் இருக்குது" என்று யார் சொல்கிறாரோ அவரைக் கொஞ்சநாள் கவனியுங்கள்.

எங்கள் பயன் சாருக்கு இந்தக் குணம் தொழில்வழி வந்தது. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் ரகம் பிரிக்கிற வேலை. பதனிட்ட தோலை மேசைமேல் விரித்து விரலை ஒருதரம் ஓட்டினால் போதும். இங்கே பூச்சி கடித்த தடம், இங்கே கத்திக் கீறல், இது முள்வேலியில் உரசிய தழும்பு என்று ஆட்டின் வாழ்க்கை வரலாற்றையே சொல்லிவிடுவார். முதல் ரகம், இரண்டாம் ரகம், ரிஜெக்ட். ஓய்வு பெறும் அன்று கம்பெனியில் மாலை போட்டு ஒரு கைக்கடிகாரமும் கொடுத்தார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பம். பிரிப்பதற்குத் தோல் இல்லை. கையில் நேரம் இருந்தது. மனிதர் நேரத்தை விரித்துப்போட்டு ரகம் பிரிக்க உட்கார்ந்துவிட்டார்.

யூடியூப் சொற்பொழிவு முதல் ரகம். ஆவணப்படம், செய்தி விவாதம் இரண்டாம் ரகம். சினிமா கருத்தைப் பொறுத்தது. சீரியல், சீட்டு, காமெடி, ரீல்ஸ் எல்லாம் ரிஜெக்ட். ஆம்பூர் பிரியாணி இந்தப் பட்டியலில் எங்கே வரும் என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், "அது புரதம்" என்றார்.

சொற்பொழிவுகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பார். அறுபது நிமிஷப் பேச்சு நாற்பதில் முடியும். இருபது நிமிஷம் மிச்சம். இதற்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். "இந்த மாசம் மட்டும் ஒன்பது மணி நேரம் மிச்சம் பிடிச்சிருக்கேன்" என்று பாஸ்புக் காட்டுவதுபோலக் காட்டினார். மிச்சம் பிடித்த அந்த ஒன்பது மணி நேரமும் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் என்னிடம்தான் செலவழித்தார், அரை மடங்கு வேகத்தில் பேசி.

திருக்குறளையும் முறையாகப் படிக்கிறார். நாளுக்கு ஒரு குறள், 1330 நாள், மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேலே. ஜனவரி ஒன்றாம் தேதி தொடங்குவார். நின்றுபோகும். பொங்கலன்று மறுபடி முதலிலிருந்து. நின்றுபோகும். பிறகு சித்திரை ஒன்று. இப்படிப் பல வருஷமாகத் தொடங்கியதில் கடவுள் வாழ்த்து அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இரண்டாம் அதிகாரமான வான்சிறப்பை மட்டும் தாண்டியதில்லை. பாலாற்றில் மணலைப் பார்த்தே வளர்ந்த வேலூர்க்காரருக்கு மழையைத் தாண்டுவது கஷ்டம்தான். நான் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 'பயனில சொல்லாமை' இருபதாம் அதிகாரம், 191ஆம் குறளில் தொடங்குகிறது. ஜனவரி ஒன்றில் ஆரம்பித்தவர் விடாமல் படித்திருந்தால் ஜூலை 10ஆம் தேதி அங்கே வந்து சேர்ந்திருப்பார். தெரு தப்பித்திருக்கும்.

பாகாயத்தில் குடியிருப்பதில் அவருக்கு ஒரு வசதி உண்டு. சிஎம்சி மருத்துவக் கல்லூரி வளாகம் இங்கேதான். ஆகவே எதைச் சொன்னாலும் "டாக்டருங்களே சொல்றாங்க" என்று முடித்துவிடலாம். எந்த டாக்டர் என்று யாரும் கேட்பதில்லை. தடுக்கி விழுந்தால் ஒரு டாக்டர் மேல் விழுகிற ஊரில் என்னவென்று கேட்பது? ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு அவர் வீட்டு ஜன்னலிலிருந்து வடிவேலு அலறும் சத்தம் மெல்லியதாகக் கேட்டது. அடுத்தநாள் காலை நான் வாயைத் திறக்குமுன்பே, "சிரிச்சா ரத்த அழுத்தம் குறையுதாம், டாக்டருங்களே சொல்றாங்க" என்றார். ரிஜெக்ட் ஆன தோல் இப்படித்தான் மருந்துச் சீட்டோடு முதல் ரகத்துக்குள் நுழையும்.

அதே டாக்டர்கள் வழியாகவே அவருக்கு ஒரு சறுக்கலும் நேர்ந்தது. டீக்கடையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர்களைப் பிடித்துக்கொண்டார். "ஐடா ஸ்கடர் அம்மா 1900ல ஒரு சின்ன இடத்துல மருந்து கொடுக்க ஆரம்பிச்சாங்க. 1918ல பொண்ணுங்களுக்குன்னு மருத்துவப் பள்ளியே திறந்துட்டாங்க. அந்தம்மா உங்களை மாதிரி டீக்கடையில உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கினு இருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா தம்பி?"

ஒரு மாணவி பணிவாகச் சொன்னாள்: "அவங்க டென்னிஸ் ரொம்ப நல்லா ஆடுவாங்க, அங்கிள். வயசான பிறகும் விடலையாம்."

சார் ஒரு விநாடி தடுமாறினார். "அது உடற்பயிற்சிம்மா."

"நாங்களும் ஹாஸ்டல்லேர்ந்து நடந்துதான் வந்தோம், அங்கிள்."

அன்றைக்கு டீக்கு அவர்தான் காசு கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையை மறைக்கக் கூடாது.

வெளியூர் உறவினர் வந்தால் கோட்டைக்கு அழைத்துப்போவது வேலூர்க்காரர்கள் எல்லாருக்கும் விதி. பயன் சார் அங்கே கண்டி ராஜாவைப் பிடித்துக்கொள்வார். இலங்கையின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வெள்ளைக்காரர்கள் பிடித்து 1816இல் வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1832இல் இறக்கும்வரை கோட்டையிலேயே சிறை. "பதினாறு வருஷம் சார்! சாப்பாடு உண்டு, வேலை இல்லை. இந்தாளு இன்னா பண்ணியிருப்பாரு? ஒரு மொழியாவது கத்துக்கினு இருக்கலாம்!" நாட்டை இழந்த ராஜாவை இப்படிக் கேட்கிற ஆள், நாட்டில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். நாயக்கர் வழிவந்த அந்த மன்னருக்கு மொழிப் பஞ்சம் இருந்திருக்காது என்று சொன்னேன். "அப்ப நாலாவதா ஒண்ணு" என்றார்.

இத்தனைக்கும், பயனையும் பொழுதுபோக்கையும் ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்ட தலைமுறை அவருடையது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் வந்தது. ஆண்டெனாவைத் திருப்பித் திருப்பிப் புள்ளி மழைக்கு நடுவே படம் பார்த்த காலத்தில், வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பாட்டுக்காகச் சீக்கிரமே போய் இடம் பிடிப்போம். இடம் பிடித்தவன் நடுவில் எழுந்தால் இடம் போய்விடும். ஆகவே அதற்கு முன்னால் எது ஓடினாலும் பார்த்தே ஆக வேண்டும். 'வயலும் வாழ்வும்' பார்த்துப் பார்த்து, ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத எனக்கு நெற்பயிரின் குலைநோய் பற்றி இன்றைக்கும் நாலு வார்த்தை பேச வரும். அரசாங்கம் கஷாயத்தை முதலில் கொடுத்து வெல்லத்தைப் பின்னால் கொடுத்தது. இப்போது வெல்லம் மட்டும்தான், அதுவும் கட்டைவிரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல். பயன் சாரின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ரீல்ஸ் பார்க்க ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்து, அடுப்பில் வைத்த பால் பாத்திரத்தோடு கருகிய சம்பவம் ஒன்று என் வீட்டிலும் உண்டு. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வீட்டில் அனுமதி இல்லை.

விஷயம் ஆம்பூரில்தான் திரும்பியது.

சாரின் அக்கா ஆம்பூரில் இருக்கிறார். அறுபத்தைந்து வயதுக்கு மேல். கம்பெனியிலிருந்து ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடும் ஷூ அப்பர்களை, அதாவது ஷூவின் மேல்பாகங்களை, வீட்டில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்பது வேலை. துளையிட்டு வந்த தோலில் ஊசியை விட்டு இழுக்க வேண்டும். தையல் தளர்ந்தால் ஜோடி திரும்பி வரும், ரொம்ப இறுகினால் தோல் சுருங்கும். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் எத்தனையோ வீடுகளில் இதுதான் மதியம். ஒரு சனிக்கிழமை சார் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். எதிரே டிவியில் சீரியல்.

சாரால் பொறுக்க முடியவில்லை. "இன்னாக்கா இது, ரிஜெக்ட் அயிட்டம்! ஒரு வார்த்தை சொன்னதுக்கு அந்தப் பொண்ணு மூஞ்சியை மூணு தடவை காட்டுறான். டைம் வேஸ்ட்டு."

அக்கா தலையைத் தூக்கவில்லை. "டேய் தம்பி, மொதத் தடவை காட்டுறப்ப நான் ஊசியைக் குத்திக்கினு இருப்பேன். ரெண்டாவது தடவை நூலை இழுத்துக்கினு இருப்பேன். மூணாவது தடவைதாண்டா தலையைத் தூக்கிப் பார்க்குறேன். ஒரு தடவை காட்டினா நான் எப்படி பார்க்குறது?"

இத்தனை வருஷமாகத் தமிழ்நாட்டில் எவ்வளவு பேர் அந்த மூன்று முறை முகத்தைக் கிண்டல் செய்திருக்கிறோம்! பத்திரிகைகளில் எவ்வளவு துணுக்கு! நானே ஒன்று எழுதியிருக்கிறேன். காய் நறுக்குகிறவருக்கும் பூக் கட்டுகிறவருக்கும் பீடி சுற்றுகிறவருக்கும், ஒவ்வொரு முறை முகம் வரும்போதும் கேட்கிற அந்த 'டொய்ங்' ஒரு மணியோசை. இப்போது நிமிரலாம் என்று சொல்லும். கண்ணுக்கு வேலை இல்லாத நம்மைப் போன்றவர்களுக்குத்தான் அது எரிச்சல். சீரியல்காரர்கள் இதை யோசித்துத்தான் செய்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு நல்லெண்ணம் எனக்கு அவர்கள்மேல் இல்லை.

தோற்றுப்போனதாகக் காட்டிக்கொள்ளாமல் இருக்க, சார் யூடியூபில் கேட்டதை எடுத்துவிட்டார். இது மட்டும் உண்மையிலேயே முதல் ரகம். கியூபாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளில், தொழிலாளிகள் இலை சுற்றும்போது உயரமான ஒரு மேடையில் ஒருவர் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். 1865இல் ஹவானாவில் தொடங்கிய வழக்கம். காலையில் செய்தித்தாள், அப்புறம் நாவல். படிப்பவருக்குச் சம்பளத்தைத் தொழிலாளிகளே தங்களுக்குள் வசூல் செய்து கொடுத்தார்கள். அலெக்சாந்தர் டூமா எழுதிய மான்டி கிறிஸ்டோ நாவல் அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய், பின்னால் ஒரு சுருட்டுக்கே அந்தப் பெயர் வந்தது. கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளர்களிடமும் இதே பழக்கம். ஒருவர் பேப்பர் படிக்க, மற்றவர்கள் சுற்றுவார்கள். அவர் பங்குக்கு வரவேண்டிய பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டார். கை நிற்கவில்லை. "அவங்களுக்கு ஆள் படிச்சாரு. எனக்கு டிவி படிக்குது. அதுக்கும் மாசாமாசம் கேபிள் காசு நான்தான் கட்டுறேன்" என்றார்.

இதை அழகான காட்சி என்று எழுதிவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. அக்கா தைத்த ஷூ எந்த நாட்டுக் கடையில் என்ன விலைக்கு நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. ஒரு ஜோடிக்கு அவருக்கு வருகிற கூலியில் டீயும் பிஸ்கட்டும் வாங்கலாம், பிரியாணி வாங்க முடியாது. கழுத்து வலி இருக்கிறது. கண் மங்கிக்கொண்டு வருகிறது. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. சீரியல் இல்லாவிட்டால் அந்த மதியங்கள் எவ்வளவு நீளமாக இருக்கும் என்பதை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிற யாரும் கணக்குப் போட முடியாது.

பாகாயம் திரும்பியதும் சார் ஒரு சீர்திருத்தம் செய்தார். மாலை 7 முதல் 7.30 வரை "சுத்தமான பொழுதுபோக்கு, பயன் கூடாது" என்று நோட்டில் எழுதி அலாரம் வைத்தார். முதல்நாள் அரை மணி நேரமும் எதைப் பார்ப்பது என்று தேடுவதிலேயே போயிற்று. இரண்டாம் நாள் ஒரு காமெடிப் படம் போட்டார். பத்து நிமிஷத்தில் அதில் கூட்டுக் குடும்பத்தின் அருமை பற்றி ஒரு கருத்து இருப்பதைக் கண்டுபிடித்துக் குறிப்பெடுத்தார். மூன்றாம் நாள் அலாரம் அடித்தபோது தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கம் எந்த ரகம் என்று இன்னும் முடிவாகவில்லை.

இப்போதெல்லாம் சனிக்கிழமை தவறாமல் ஆம்பூர் பஸ் ஏறிவிடுகிறார். அக்காவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இருபது முப்பது ஊசிகளில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைக்கிறார். டிவி பாட்டுக்கு ஓடுகிறது. "என்ன சார், சீரியல் பார்க்குறீங்களா?" என்று போன வாரம் கேட்டேன்.

"சேச்சே, நூல் கோக்குறேன் சார். அக்காவுக்கு கண்ணு சரியாத் தெரியலையே" என்றார்.

"அதுக்கு ஏன் சனிக்கிழமையே போறீங்க? ஞாயித்துக்கிழமை போகலாமே?"

"ஞாயித்துக்கிழமை சீரியல் இல்லையே சார். சனிக்கிழமைதான், திங்கட்கிழமை வரைக்கும் தாங்குற மாதிரி ஒரு இடத்துல கொண்டாந்து நிறுத்துவான்."