இரண்டு காப்பி: வடசென்னை அலைச்சல் குறித்து ஒரு பாடபேத ஆராய்ச்சி

காப்பி குடித்தால் சிலருக்குத் தூக்கம் போகிறது. சிலருக்குத் தூக்கம் வருகிறது. சிலருக்குக் கை நடுங்குகிறது. சிலருக்கோ கோபம் மட்டும் தெளிவடைகிறது. இதற்குக் காரணம் குடிப்பவரின் உடல்வாகு என்பது பழங்கொள்கை. அது பொருந்தாது, அலைச்சலில் அவர் நிற்கும் இடமே காரணம் என்று நிறுவுவது இக்கட்டுரையின் வேலை. ராயபுரம் தொடங்கி எண்ணூர் முடிய உள்ள நிலப்பரப்பு களமாகக் கொள்ளப்பட்டது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு, டி.எச். ரோட்டில் வங்கி, அப்பால் இ-சேவை மையம், இடையில் ரேஷன் கடை, கடைசியில் 'நாளைக்கு வாங்க' என்று ஒரு முழு அலைச்சலின் எல்லா உறுப்புகளும் குறைவின்றி அமைந்த நிலம் இது. பொருள் அற்பம் என்பாருக்கு ஒரு வார்த்தை: 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தலைப்பிலேயே ஆ. இரா. வேங்கடாசலபதி ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். காப்பி இல்லாத காலமே ஆய்வுக்கு உரியதானால், காப்பி இருக்கும் காலம் என்ன பாவம் செய்தது?

அலைச்சல் காலால் அளக்கப்படுவது என்பர் ஒரு சாரார். திருவொற்றியூரை ஒட்டிக் காலடிப்பேட்டை என்று ஒரு பகுதியே இருப்பதை அவர்கள் சான்றாகக் காட்டக்கூடும். காட்டினால் மாட்டிக்கொள்வார்கள். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக அமைத்தது அது. காலெட்பேட்டை என்ற பெயர் நாவில் தேய்ந்து காலடிப்பேட்டை ஆனது. ஆக, அங்கே முதலில் கவர்னர் வந்தார், காலடி பின்னால் வந்தது. (ஊர்ப்பெயர்களைப் பிய்த்துப் பார்த்தே பட்டம் வாங்கியவர்கள் இந்த இடத்தில் சற்று இருமலாம்.) அலைச்சல் நடையில் இல்லை, நிற்பதில் இருக்கிறது என்பதற்கு இன்னொரு சான்று மெட்ரோ ரயில். 2021 பிப்ரவரியில் அது விம்கோ நகர் வரை நீண்டது. நடை குறைந்தது, வெயில் குறைந்தது, பயண நேரமும் குறைந்தது. ஆனால் ரயிலைவிட்டு இறங்கியவர் சென்று சேர்ந்த கவுன்ட்டரில் டோக்கன் குறையவில்லை. சீக்கிரம் போய்ச் சேர்ந்ததால் கூடுதல் நேரம் நின்றதே அவர் கண்ட பலன்.

இனி எதிர்க்கட்சி. காப்பியின் விளைவு கல்லீரலில் தீர்மானமாகிறது என்பது அவர்களின் வாதம். உடம்புக்குள் போன காஃபீனைக் கரைப்பது பெரும்பாலும் கல்லீரலில் உள்ள ஒரு நொதி. அது ஒருவருக்கு விரைவாகவும் மற்றவருக்கு மெதுவாகவும் வேலை செய்யும்படி மரபணுவே வகுத்திருக்கிறது. குடித்ததில் பாதி கரையச் சுமார் 5 மணி நேரம் ஆகும். புகை பிடிப்பவருக்கு ஏறக்குறைய அதில் பாதி நேரம் போதும். நிறைமாதக் கர்ப்பிணிக்கு 15 மணி நேரம் வரைகூட நீளும். இவை அனைத்தையும் மறுபேச்சின்றி ஏற்கிறோம். ஏற்றுக்கொண்டு கேட்கிறோம்: துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்காக நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர் ஏன் பீடி பிடிக்கிறார்? வண்டி நகராததால் பிடிக்கிறார். பீடியால் காஃபீன் சீக்கிரம் கரைகிறது. கரைந்ததால் மறுபடி டம்ளரைத் தேடுகிறார். வரிசையே கல்லீரலுக்கு உத்தரவு போடுகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? மேலும், காப்பி களைப்பைப் போக்குவதே இல்லை என்று எதிர்க்கட்சியின் நூல்களே சொல்கின்றன. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போகிறது. அது உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் துண்டு போட்டு வைக்கிறது, அவ்வளவுதான். களைப்பு தீர்ந்தபாடில்லை, கணக்கில் ஏறி நிற்கிறது. வடசென்னை டீக்கடை நோட்டில் 'பாக்கி' என்று எழுதப்படுவது இதைத்தான்.

இன்னொரு மறுப்பும் உண்டு: முதல் மடக்கிலேயே தெம்பு வந்துவிடுகிறதே, அதற்கு என்ன சொல்வது? ரத்தத்தில் காஃபீன் உச்சம் தொட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். ஆகவே முதல் மடக்கின் தெம்பு காப்பியிலிருந்து வந்திருக்க முடியாது, டீக்கடை பெஞ்சிலிருந்தே வந்திருக்க வேண்டும். சந்தேகம் உள்ளவர்கள் சாயங்காலம் சைக்கிளில் வரும் சுக்குக் காப்பியை ஆராயட்டும். அதில் சுக்கு உண்டு, மல்லி உண்டு, கருப்பட்டி உண்டு. பெயரைத் தவிர வேறெங்கும் காப்பி இல்லை. ஆனாலும் குடித்தவர் 'அப்பாடா' என்கிறார். சைக்கிளில் பெஞ்ச் ஏது என்பீர்கள். சைக்கிளைச் சுற்றி நிற்பவரை யாரும் டோக்கன் எண் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அதுவே பெஞ்ச். பிளாஸ்க் காப்பி ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

காப்பியை அது குடிக்கப்படும் இடத்தை வைத்தே வகைப்படுத்த வேண்டும். டோக்கனுக்கு முன் குடிப்பது நம்பிக்கை தரும். 'சர்வர் இல்லை' என்ற அறிவிப்புக்குப் பின் குடிப்பது கை நடுக்கம் தரும். இவை இரண்டும் தெளிவானவை. அறிஞர்களைக் குழப்புவது மூன்றாவது வகை. கவுன்ட்டருக்குள்ளிருந்து 'ரெண்டு காப்பி எடுத்துட்டு வாங்க' என்று ஒரு குரல் வருகிறது. கேட்டவர் ஜெராக்ஸ் கடைக்குப் போவதா, டீக்கடைக்குப் போவதா? 'எடுத்துட்டு' என்ற வினையை வைத்து ஜெராக்ஸ் என்பர் இலக்கணிகள். கேட்டவரின் முகச்சோர்வை வைத்து டீக்கடை என்பர் மெய்ப்பாட்டியலார். ஜெராக்ஸ் கடைக் கண்ணாடிச் சாசனம் 'சில்லறையாகத் தரவும்' என்பதோடு நின்றுவிடுகிறது. டீக்கடைக் கடன் நோட்டுக்கு இரண்டு பிரதிகள் உள. அட்டை உள்ள பிரதியில் '2 காப்பி' என்றும், அட்டை கிழிந்து வடை எண்ணெய் ஊறிய பிரதியில் '2 காபி' என்றும் பாடம். எண்ணெயின் ஊடுருவலை வைத்துப் பின்னதே பழைய பாடம் என்று கொள்ளலாம். அந்த எண்ணெய் எத்தனையாவது ஈடு வடைக்கு உரியது என்று தெரியும்வரை காலக்கணிப்பு தள்ளிவைக்கப்படுகிறது. பகர ஒற்று மிகுந்தால் தாள், மிகாவிட்டால் டம்ளர் என்று ஒரு விதி முன்மொழியலாம். மாஸ்டர் இரண்டையும் ஒரே மாதிரி உச்சரிப்பதால் அந்த விதி உடனே உடைகிறது. ஒருவர் அடிக்குறிப்பை மற்றவர் அப்படியே எடுத்துப்போட்டு வளரும் துறைகளில் இந்த மயக்கம் எழுவதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே காப்பி என்றால் ஒரே பொருள்தான்.

எப்படியோ, கேட்டவர் இரண்டையும் கொண்டு திரும்பும்போது மணி ஐந்து, கவுன்ட்டர் மூடியிருக்கிறது. தாள்கள் பைக்குள் போகின்றன, டம்ளர்கள் அவருக்கே மிஞ்சுகின்றன. வீணாக்காமல் இரண்டையும் குடிக்கிறார். இரவு பத்து மணிக்கும் அதில் பாதி அவர் உடம்பில் விழித்திருக்கும். நோட்டின் இரண்டு பிரதிகளும் அன்றைய தேதியில் பாடபேதமின்றி ஒத்துப்போகும் ஒரே இடம் 'நாளைக்கு' என்ற சொல். அதை எழுதியது டீக்கடைக்காரரா, கவுன்ட்டர்காரரா என்பதில்தான் கையெழுத்து நிபுணர்கள் பிரிகிறார்கள்.