பாதி அழுத்தம், முழு மௌனம்

கேள்வி: என் பழைய டிஜிட்டல் கேமராவின் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் படம் விழுவதில்லை. என் கணவரைப் போல் அதற்கும் காது மந்தமாகிவிட்டதோ?

பதில்: அம்மணி, பாதி அழுத்தினால் குவியம் கூட்டுவது, முழுதும் அழுத்தினால் படம் பிடிப்பது என்று இரண்டு படிகளாக அமைந்த அந்தப் பொத்தானுக்குள், வருஷக் கணக்கில் படிந்த அழுக்கும் களிம்பும் உலோகத் தகடுகளின் ஸ்பரிசத்தைத் தடுத்துவிடுவதால், முதற்படியில் விழித்துக்கொள்ளும் கேமரா இரண்டாம் படியில் மௌன விரதம் பூண்டுவிடுவது பெரும்பாலும் சகஜமே. பாட்டரியைக் கழற்றிவிட்டுப் பொத்தானின் விளிம்பில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி விட்டுப் பலமுறை அழுத்தி, நன்கு உலரவிட்டுப் பாருங்கள். மூடியைத் திறக்க மட்டும் துணியாதீர்கள், பிளாஷ் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் பதுங்கியிருக்கக்கூடும்.

அது கிடக்கட்டும், தங்கள் கணவர் பாதி அழுத்தத்துக்காவது விழிக்கிறாரா?